திரைக்குப் பின்னால் ஒரு பதில்

குஞ்சு! என் துஷாந்தக் குஞ்சு! உன்னைக் கூப்பிட்டுவிட்டுத்தான் சபையைக் கூப்பிடுகிறேன். பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

தலைமைக் கதிரையில் வீற்றிருக்கும் சபாரத்தினம் அண்ணை அவர்களே, இந்த மிச்சம் நகரத் தமிழ்ப் பள்ளியைத் தோளில் சுமக்கும் பெரியோர்களே, ஷிப்ட் முடித்த களைப்போடு வந்திருக்கும் தாய்மாரே, பின்வரிசை வாங்கில் நெருக்கியடித்து இருக்கும் என் மகனின் மாணவச் செல்வங்களே, வணக்கம்!

நான் படிக்காதவள். என் மகன் படித்தான். ஜப்பான் சரித்திரம் படித்தான். படித்ததை ஞாயிறுதோறும் இந்த மண்டபத்தில் சொல்லிக் கொடுத்தான். கடைசி வகுப்பில் ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி, "மீதி அடுத்த கிழமை" என்றான். அந்தக் கிழமையே அவனைப் பறிகொடுத்தேன். ஆளில்லாத வகுப்பை இன்றோடு மூடப் போகிறீர்களாம். மூடுவதற்கு முன் கதையை முடிக்க வேண்டாமா? குசினியில் சோறு தின்றபடி எனக்கு முழுக்கச் சொல்லியிருந்தான்.

மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது ஒரு சின்ன நாடு. ஆண்டது மினேகாவா என்ற சாமுராய்க் குடும்பம். ஜப்பான் முழுவதையும் அடக்கி ஆண்ட பெருந்தளபதியின் சட்டம் என்ன? வாரிசைச் சொல்லாமல் தலைவன் செத்தால் நாடு பறிபோகும். வாளேந்திய வீரனெல்லாம் வீதிக்கு வருவான். இளந்தலைவன் காய்ச்சலில் செத்தான். பிள்ளை இல்லை. அழுதார்களா? அழ முடியுமா? உடலைத் திரைக்குப் பின்னால் கிடத்தி, "தலைவருக்குச் சுகமில்லை, ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க விரும்புகிறார்" என்று சொல்லி அனுப்பினார்கள். விருப்பத்தை நேரில் கேட்டறியப் பெருந்தளபதியின் அதிகாரி வந்தார். திரைக்கு முன்னால் அமர்ந்தார்.

என்ன தம்பி பின்னாலே? "அன்ரி, பிடிபட்டிட்டினமோ?" என்றா கேட்கிறாய்? பொறு மோனை! உங்களுக்குப் படிப்பிச்ச சேரும் கதையை உதிலைதான் நிப்பாட்டினவர்.

"இந்தப் பிள்ளை வாரிசாவது உமது விருப்பமா?" என்றார் அதிகாரி. செத்தவன் சொல்வானா? திரைக்குப் பின்னால் இருந்த அவன் தாய் அழுகையை விழுங்கினாள். குரலைத் தடிப்பாக்கினாள். "ஓம்" என்றாள்.

அதிகாரிக்குத் தெரியாதா? ஊதுபத்தியையும் மீறி வந்த வாடை தெரியாதா? தெரியும்! தெரிந்தும் தலை வணங்கினார். நாடு பிழைத்தது!

அண்ணை, எனக்குப் போர்த்தவென்று பொன்னாடையை மடியில் வைத்திருக்கிறீர்கள். எனக்கு வேண்டாம். என் மகன் போனதும் நீங்கள் வகுப்பறையைப் பூட்டிய பிறகும் பிள்ளைகளை நடைவழியில் இருத்திப் படிப்பித்தவள் யார்? அவன் மாணவி ஜெனோஜா! மேலே வா பிள்ளை.

"அவ இன்னும் படிச்சு முடிக்கேல்லை, தங்கச்சி" என்கிறீர்களா? தத்து வந்த பிள்ளைக்கு வாளின் பாரம் முன்னமே தெரியுமா? தூக்கத் தூக்கத்தானே தெரியும்! இதோ, அவனை வளர்த்த கையால் இவளுக்குப் போர்த்துகிறேன். அவன் வகுப்புக்கு இவள்தான் வாரிசு. அண்ணை, அந்த அதிகாரி செய்ததை நீங்களும் செய்வீர்களா?

அண்ணை தலையாட்டிவிட்டார்! பொறுங்கள், இப்போது கை தட்டாதீர்கள்.

கேட்டிருந்த சபைக்கு நன்றி, வணக்கம். இனி நான் பேசுவது உன்னோடு, குஞ்சு. அந்தத் தாய்க்கு ஒரு திரை இருந்தது. எனக்கு இல்லை. உன் குரலில் ஓம் சொல்ல என்னால் ஏலாது. நீயே சொல்லு, இது உனக்கு விருப்பமோ?