உறுவையாறு பொண்ணு கட்டுன மார்மன் கோயில்

— மில்லுலேர்ந்து கரும்பு வெட்டு ஆர்டர் வந்திருக்குது, நாளைக்கெல்லாம் பெங்களூருக்கு வர முடியாதுன்னு உம் பொண்ணுகிட்ட சொல்லு, செல்வி.

— சொல்லு சொல்லுன்னா? அவ உங்க எதிர்லதான குந்திக்கினு இருக்கறா. பெத்த பொண்ணுகிட்ட நேரா பேசுனா வாயில இருக்கற முத்து உதுந்துடுமா? அடியே சரண்யா, உங்கப்பா வரலியாம்டி.

— எனக்குக் காது நல்லாதாம்மா கேக்குது. ரெண்டு வருசமா நீ நடுவுல போஸ்ட்மேன் வேல பாக்கற. அப்பா, கரும்பு ஒரு நாள் நின்னா ஒண்ணும் ஆவாது. எங்க ஆபீஸ்ல கட்டுன கோயில ஊரு உலகம் எல்லாம் பாக்கலாம்னு தொறந்து வுட்டிருக்கறது நாளையோட முடியுது.

— கோயிலாம் கோயிலு! மார்மன் சர்ச்சுன்னு ஒழுங்கா சொல்லச் சொல்லு.

— சர்ச்சு வேற, கோயில் வேறப்பா. ஞாயித்துக்கெழம கும்புடறதுக்கு அவுங்களுக்குத் தனியா சர்ச்சு இருக்குது. இது ஞானஸ்நானம், கல்யாணம்னு பெரிய சடங்குக்கு மட்டும். இங்க கல்யாணம் கட்டுனா செத்த பிறவும் புருசன் பொண்டாட்டிதான்னு நம்பறாங்க.

— ஐயே, செத்த பிறவும் இவரோடவா? வாணாம்டி கண்ணு!

— செல்வி, நீ சும்மா கெட. இது எந்தக் காலத்து மதம், நேத்து மொளச்சதான்னு கேளு.

— கேக்கறாருடி.

— இருநூறு வருசம் ஆவப் போவுதுப்பா. அமெரிக்காவுல ஆரம்பிச்சாங்க. மொதக் கோயில் கட்டுன ஊர்லயும் நிம்மதியா இருக்க முடியல, அடுத்த ஊர்லயும் வெரட்டி அடிச்சாங்க. கடசில யாரும் வாணாம்னு வுட்ட வறண்ட பூமிக்குப் போயி, நாப்பது வருசம் ஒரே கோயில கட்டிக்கினு இருந்தாங்க. மலையில கல்லு ஒடச்சி, ரயில் வர்ற வரைக்கும் மாட்டு வண்டியிலதான் இழுத்தாங்க.

— மாட்டு வண்டியிலயா? ஒரு கல்லுக்கு எத்தினி ஜோடி பூட்டுனாங்களாம்? அத்தயும் கேளு.

— பெரிய கல்லுன்னா நாலு ஜோடிகூட. இன்னிக்கும் அவுங்க கோயில்ல பன்னண்டு எருது செல இருக்கும். ஞானஸ்நானத் தொட்டிய அதுங்கதான் முதுகுல தாங்கிக்கினு நிக்கும்.

— கொம்பு சீவி பெயிண்ட் அடிச்சாளா உம் பொண்ணு?

— அதுக்கு வுடலப்பா. ஆனா ஜன்னல் கண்ணாடிக்கு டிசைன் நான்தான் போட்டேன். அந்த நாட்டுல வெளையறத வெக்கறது அவுங்க பழக்கம். ஆபீஸ்ல எல்லாரும் தாமர போடுன்னாங்க. நான் கரும்புப் பூ போட்டேன்.

— கரும்புப் பூவா? பூ வுட்டா கரும்புல எட போச்சு, சாறு போச்சு! எந்த வெவசாயி வூட்டுப் பொண்ணாவது அத்தப் போயி கோயில்ல வெப்பாளா? மானத்த வாங்கிட்டா!

— உனக்கு அது நஷ்டம்பா. எனக்கு அது வெயில் பட்டா வெள்ளியா மின்னுற பூ. அமெரிக்காவுலேர்ந்து வாணாம்னு திருப்பித் திருப்பி அனுப்புனாங்க, நான் வுடல. இப்ப அந்தக் கோயிலுக்கே அதான் அடையாளம்.

— எங்கடி வெச்சிருக்கற? சாமி பக்கத்துலயா?

— கும்புடற செலயே கெடையாதும்மா. நம்ம வில்லியனூர் கோயில்ல உள்ள போவப் போவ இருட்டிக்கினு வரும், கடசில ஒரு வெளக்குல சாமி தெரியும் இல்ல? இங்க தலகீழு. உள்ள போவப் போவ வெளிச்சம் ஏறிக்கினே போவும். கடசி ரூம் முழுக்க வெள்ள. பெரிய சரவெளக்கு, சோபா. யாரும் சத்தமா பேச மாட்டாங்க, சும்மா குந்தியிருப்பாங்க. அந்த ரூம் ஜன்னல்லதான் என் பூ. சாயங்காலம் வெயில் அடிச்சா செவுரு பூரா கரும்புக் கொல்லதான்.

— ம்... சரி, கும்பாபிஷேகத்துக்கு வேணா வரேன்னு சொல்லு. கும்பாபிஷேகம் ஆவாத வெறுங் கட்டடத்த எவனாவது வண்டி ஏறிப் போயி பாப்பானா? தண்ணி ஊத்துன பிறவுதான் அது கோயிலு.

— அங்கதான்பா தப்பு பண்ற. நம்ம ஊர்ல கும்பாபிஷேகத்தன்னிக்கித்தான் கூட்டம் அலமோதும். அவுங்க அதுக்கு முன்னாடியே கதவு சாத்திடுவாங்க. அப்பறம் அந்த மதத்துக்காரங்க மட்டும்தான் போவ முடியும். அதுலயும் பெரியவங்க கூப்புட்டு விசாரிச்சி, சரின்னு சீட்டு குடுக்கணும்.

— இன்னாது? என்ன வுட மாட்டானா? கட்டுனவளோட அப்பன்னு சொன்னாகூடவா?

— கட்டுனவளையே வுட மாட்டாங்கப்பா. நாளைக்கி வெளிய வந்தேன்னா அவ்ளோதான். என் பூவ நானே இனிமே உள்ள நின்னு பாக்க முடியாது.

— உன்ன ஏன் வுட மாட்டான்? நீதான் அவுங்க மதத்துக்கு மாறிட்டியே?

— ஐயோ, பேசிட்டாரு! நேரா பேசிட்டாருடி!

— இரும்மா. நான் மாறிட்டேன்னு யார் சொன்னா?

— பூரணாங்குப்பத்து சம்மந்தம் இருக்கறான் இல்ல, அவன்தான் போன்ல படம் காட்டுனான். பூமி பூஜ அன்னிக்கி வெள்ளக்காரங்க கூட கண்ண மூடி, தல குனிஞ்சி நின்னியே?

— எல்லாரும் ஜெபம் பண்றப்ப நான் மட்டும் வானத்தப் பாத்துக்கினு நிக்கவா? மரியாதைக்கி நின்னேன். மாறியிருந்தா எப்ப வேணா உள்ள போவலாமே, நாளைக்கே போவணும்னு ஏன் ஓடியாரப் போறேன்?

— இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடி?

— நீ கேட்டியா? சம்மந்தம் மாமா சொன்னத நம்புன, என்ன ஒரு வார்த்த கேக்கல. எனக்கு மட்டும் ரோஷம் இருக்காதா? அழுதுக்கினேதான் அந்தப் பூவ வரைஞ்சேன்பா.

— அப்பனும் பொண்ணும் ஒரே அச்சு! ரெண்டு வருசம் நான் நடுவுல கெடந்து செத்தேன். சரி, நாளைக்கிப் போவணும்னா இன்னிக்கே கெளம்பணும். இனிமே வண்டிக்கு எங்க போறது?

— வண்டியெல்லாம் இருக்குது. புகழேந்திகிட்ட போன வாரமே வேன் சொல்லிட்டேன். தெரு சனம் மொத்தமும் வருது. கும்பாபிஷேகத்துக்குன்னு சொன்னத நாளைக்கின்னு மாத்தணும், அவ்ளோதான். மேளக்காரனுக்கும் சொல்லணும்.

— மேளமா? அப்பா, அங்க அடிக்க வுட மாட்டாங்க!

— ரோட்டுல நின்னு அடிக்கறான், எவன் கேப்பான்?

— இருப்பா. போன வாரம் நான் மதம் மாறிட்டேன்னுதான நெனச்சிக்கினு இருந்த? அப்பவே வேன் சொன்னியா?

— ஆமா, மாறிட்டன்னுதான் நெனச்சேன். எந்த சாமிக்கு வேணா இருந்துட்டுப் போவட்டும், கட்டுனது என் பொண்ணு இல்லியா? நான் வராம எவன் வருவான்?