மேலேயிருந்து இரண்டாவது கட்டை

உருட்டிப் பார்த்து ஒரு கட்டையை எடை போடக் கூடாது, இன்ஸ்பெக்டர் சார். தச்சு வேலை தெரிந்த யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். என் தங்கையின் கணவர் செய்தார்.

அவர் சின்னதாக ஒரு கடைசல் எந்திரம் வாங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, நான் செய்த உருளைக் கட்டையையும் தான் கடைந்ததையும் அருகருகே உருட்டிவிட்டார். அவருடையது நேராக ஓடி என் மனைவியின் மடியில் விழுந்தது. என்னுடையது லேசாக ஆடி நடுவழியில் நின்றுவிட்டது.

"மச்சான் கட்டைக்கு மயக்கம் வந்துடுச்சு" என்றார்.

என் மனைவிதான் அதிகம் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் நானும் சிரித்து வைத்தேன். பெருந்தன்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

என் முறை பழையது. கோடாலியால் பிளந்தால், மரம் தன் நார் ஓடும் வழியிலேயே பிளக்கும். அதை இழைப்புளியால் சீவி, வட்டத் துளையிட்ட இரும்புத் தகட்டின் வழியாகச் சுத்தியலால் அடித்து இறக்குவேன். நார் குறுக்கே ஓடும் மரம் பலமில்லாதது, முதல் அடியிலேயே உடைந்து தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். எந்திரம் அதெல்லாம் பார்க்காது. எதை மாட்டினாலும் வழவழவென்று கடைந்து தரும்.

பரணுக்கு ஏணி வேண்டும் என்று தங்கை கேட்டாள். "கீழ்ப் பாதிக் கட்டைங்க நீங்க, மேல் பாதி நான். மரம் மட்டும் நீங்களே பாத்துக் குடுங்க மச்சான், உங்களுக்குத்தான் அந்தக் கண்ணு இருக்கு" என்றார் அவர். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவே மாட்டேன்.

பார்த்துத்தான் கொடுத்தேன். மேலேயிருந்து இரண்டாவது கட்டைக்கு, நார் சாய்வாக ஓடும் துண்டைத் தேடி நாலைந்து மரக்கடை அலைந்தேன். தங்கைக்கு உயரம் என்றால் பயம், ஏணிப் பக்கமே போக மாட்டாள். அதையும் யோசிக்காமல் இல்லை.

அவர் அதை அழகாகக் கடைந்து வார்னிஷ் அடித்தார். பிறகு பரணிலிருந்து சூட்கேஸை எடுக்க ஏறினார். கனமான ஆள், கீழே சிமெண்ட் தரை. நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சமும் ஆடாமல் பிடித்தேன்.

விபத்து என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் துக்கம் கேட்க வந்தவர்கள், "கையால செதுக்கினதாம், பின்ன எப்படித் தாங்கும்?" என்று முணுமுணுத்தார்கள். தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "உன் கட்டைய நம்பித்தானேண்ணா ஏறினாரு" என்று கதறினாள். அவள் அழுததைத் தாங்கிக்கொண்டேன். சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. எவ்வளவோ விளக்கினேன், காதில் வாங்கவில்லை. இங்கே வந்து சொன்னால் உங்கள் ஏட்டு, "எந்தக் கட்டையா இருந்தா என்னய்யா, ஆள்தான் போயிட்டாரே" என்று விரட்டினார். முழுக்கச் சொன்னால்தான் கேட்பீர்கள் என்று புரிந்துகொண்டேன்.

உடைந்த துண்டைக் கொண்டுவந்திருக்கிறேன். முனையின் நடுவில் சின்னக் குழி தெரிகிறதா? கடையும்போது எந்திரம் பிடித்துக்கொள்ளும் இடம் அது. நான் செய்த கட்டை எதிலும் அது இருக்காது.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள் சார், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்கு மேலே, முதல் வரியில், என் கட்டைகளில் ஒன்றுகூட உடையவில்லை என்று எழுதுங்கள்.