செப்புப் பெட்டி ஒழுகல

முடியாதுண்ணா. பெட்டியத் திறக்க விடமாட்டேன். அந்த ஸ்க்ரூ டிரைவரக் கீழ வைங்க, உக்காருங்க, பேசுவோம்.

உங்களுக்கென்ன, காந்தத்து ஆளு. படத்துல ஒரு புள்ளி தெரிஞ்சாப் போதும், உடனே கை என் பக்கம்தான் நீளும். உங்க எம்.ஆர்.ஐ., என்னோட பெட் ஸ்கேன், ரெண்டையும் ஒரே மெஷின்ல குடிவச்சாச்சு. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில நிக்கிற மாதிரிதான். உங்க காந்தத்துக்காரங்க விடற அலை என் சர்க்யூட்டக் கெடுக்கும், என் சர்க்யூட்டோட மின் இரைச்சல் உங்க படத்தக் கெடுக்கும். அதுக்குத்தானே என் சர்க்யூட்டச் செப்புத் தகட்டுப் பெட்டிக்குள்ள வச்சு மூடியிருக்கேன்? ஒவ்வொரு மூலையும் என் கையால ஒட்டினது. ஒட்டின எடத்த விரலால தடவிப் பாத்துட்டுதான் மூடுவேன். நீங்களே கேலி பண்ணுவீங்க, என்னம்மா, பிள்ளைக்குப் போத்திவிடறியான்னு.

பெருமை அடிக்கலண்ணா, கேளுங்க.

பெட்டியிலருந்து இரைச்சல் ஒழுகினா படத்துல கோடு விழும். ஜிப்பு மாதிரி, மேலருந்து கீழ வரைக்கும். இது கோடா? உருண்டையா, ஈரல் பக்கத்துல உக்காந்திருக்கு. சரி, அத விடுங்க. ஆளுக்குப் பதிலா தண்ணி நெரப்பின பொம்மைய வச்சு எடுத்தாச்சு, சுத்தமா இருக்கு. என் சர்க்யூட்ட மொத்தமா அணைச்சுட்டு எடுக்கச் சொன்னேன், புள்ளி அப்படியே இருக்கு. படுத்த ஆள நாலு விரக்கடை கீழ தள்ளி எடுத்தாச்சு. இரைச்சலா இருந்தா நின்ன எடத்துலயே நிக்கணும்ல? இது ஆளோடயே நகந்துச்சு.

திங்கக்கிழமை மெஷின ஓடவிடணும், புரியுது. அதுக்காக ஒழுங்கா இருக்கறதப் பிரிச்சு மறுபடி ஒட்டினா புள்ளி போயிடுமா? எனக்கு மட்டும் ஆசை இல்லன்னு நெனச்சீங்களா? டார்ச் அடிச்சு மூலை மூலையாத் தேடினேண்ணா. ஏதாவது ஒரு ஓட்டை இருந்துடக் கூடாதான்னு. என் வேலையில தப்பு இருக்கணும்னு நானே வேண்டிக்கிட்டது இப்பத்தான். ஒரு ஊசி நுழையற சந்துகூட இல்ல.

யாரு படுத்தாங்களா?

சோதனைக்குப் படுக்க வரேன்னவரு வரல. டெக்னீஷியன் பொண்ணு கம்ப்யூட்டர் முன்னாடி சும்மா உக்காந்திருந்தா. சரி, எதுக்கு வெட்டியாப் போகணும்னு தோட்டையும் வாட்சையும் கழட்டி வச்சுட்டு நானே ஏறிப் படுத்துட்டேன்.

அப்படிப் பாக்காதீங்கண்ணா. வீட்ல இன்னும் சொல்லல. நாளைக்கு டாக்டர்கிட்ட இந்தப் படத்தத்தான் கொண்டுபோறேன். மெஷின் கோளாறா இருக்கும்னு அவரும் ஆரம்பிச்சார்னா, உங்களுக்குச் சொன்னதேதான் அவருக்கும்.