வயிற்றிலேயே குடித்த பிள்ளை

எண்பதுகளில் ஒரு நாள், பாகூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில், ஒரு வயதாகியும் தலை நிற்காத ஆண் குழந்தை.

"எம்புள்ள வயித்துலியே சாராயம் குடிச்சிட்டான்க்கா."

"இன்னாம்மா சொல்ற?"

"நாள்பூரா நடவு நட்டா இடுப்பு வுட்டுப்போவும். வலி தெரியாம இருக்கட்டும்னு எங்க வூட்டுக்காரர் வாங்கியாருவாரு. குடிச்சிட்டுப் படுத்துருவேன். நான் குடிச்சது அவனுக்கும் போயிருக்கு. அதனாலதான் வளத்தி இல்லன்னு டாக்டரம்மா சொல்றாங்க. அப்ப எனக்குத் தெரியாதுக்கா."

மூத்தவள் குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப மறுபடி நாலு மாசம்," என்றாள் இளையவள்.

"குடிக்கிறியா?"

"தொட்றதில்லக்கா."

"நடவு?"

"போறேன்."

"அப்ப வலிக்கு இன்னா பண்ற?"

"வலிக்குதுக்கா."