ஆறு கட்டம் காலியாக இருந்த பதிவேடு

பாடத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியவரே! பதவியைப் பகட்டாக்கத் தெரியாதவரே! முப்பத்தோர் ஆண்டுகள் இந்தச் செவிலியர் கல்லூரியின் ஒவ்வொரு பாடத்தையும் நிறுத்தி வைத்து "இது ஏன்?" என்று கேட்டு, மாணவிகளிடம் "ஏன் மேடம்" என்ற பட்டப்பெயரைப் பெற்று, இன்று பணி ஓய்வில் செல்லும் எங்கள் துணை முதல்வரே! உங்களுக்கு எங்கள் வணக்கம்.

இதற்கு மேல் உங்கள் குணங்களை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். அடுக்கினால் பக்கம் போதாது. ஆனால் அடுக்கும் தகுதி எங்களுக்கு இருக்கிறதா என்பதை நீங்களே கேட்டு முடிவு செய்யுங்கள். கேட்க வசதியாக இந்த மடலைச் சத்தமாகவே படிக்கிறோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தைத் திருத்தப்போவதாகச் சொல்லி, எல்லாக் கல்லூரிகளிடமும் வரைவு கேட்டது. அந்த வேலையை நாங்கள் எப்படிச் செய்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். பழைய வரைவை எடுப்போம். ஆண்டை மாற்றுவோம். "அறிந்துகொள்வர்" என்ற இடத்தில் "விளக்குவர்" என்று போடுவோம். புது அட்டை போட்டு அனுப்பிவிடுவோம். அந்த முறையும் அறுவைப் பாடம் நடத்தும் எங்கள் டியூட்டர் அப்படி ஒன்றைத் தட்டச்சு செய்து, பாடத்திட்டக் குழுவின் மேசையில் வைத்தார்.

அந்த டியூட்டர் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்த்தவர். இரண்டே ஆண்டில் தாக்குப்பிடிக்க முடியாமல் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்பறைக்கு வந்தவர். எங்களில் பாதிப் பேரின் கதை அதுதான். அவர் நோயாளி மேல் கை வைத்து அப்போதே பதினோரு வருஷம் ஆகியிருந்தது. இந்த மடலில் அவரைப் பற்றித்தான் அதிகம் வரும். அவரே கேட்டுக்கொண்டதால் எழுதுகிறோம்.

நீங்கள் வரைவைப் புரட்டினீர்கள். "இதை எழுதறதுக்கு முன்னாடி யாரையாவது போய்க் கேட்டீங்களா?" என்றீர்கள்.

"யாரை மேடம் கேட்கணும்?"

"நம்ம பொண்ணுங்கள வேலைக்கு வச்சிருக்கிறவங்கள. அவங்க கையில ஊசி போட்டுக்கிட்டவங்கள."

மூன்று மாதம் எங்களை வார்டு வார்டாக நடக்கவிட்டீர்கள். முணுமுணுத்துக்கொண்டே நடந்தோம். கேட்டதில் தெரிய வந்தது இது: எங்கள் மாணவிகள் எலும்புகளின் பெயரை ஒப்பிப்பார்கள். நோயாளி மோசமாகிறார் என்று டாக்டரிடம் போனில் சொல்ல நாக்கு எழாது. அறுவைப் பாடம் தொடங்கும் முன்பே அவர்களை அறுவை வார்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம் என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. முதலில் வகுப்பு, பிறகு பொம்மையில் பயிற்சி, அதன் பிறகே நோயாளி என்று நீங்கள் மாற்றி எழுதினீர்கள். செவிலியர் வரலாற்றுக்கு நாற்பது மணி நேரம் இருந்ததைப் பன்னிரண்டாக்கினீர்கள். வரலாறு நடத்துபவர், "மேடம், பன்னெண்டு மணி நேரத்துல நான் கைவிளக்கேந்திய காரிகையோட விளக்கைக்கூட ஏத்தி முடிக்க மாட்டேன்!" என்று கத்தினார். நீங்களும் சிரித்தீர்கள், எண்ணை மட்டும் மாற்றவில்லை.

அடுத்து செய்முறைப் பதிவேட்டை எடுத்தீர்கள். சிறுநீர்க் குழாய் பொருத்துவது மட்டும் மாணவி ஒருத்திக்குப் பத்து முறை; ஒவ்வொன்றையும் செய்ததும் ஒரு கட்டத்தில் எழுதி ஆசிரியர் கையெழுத்து வாங்க வேண்டும். அறுபது மாணவிகளுக்கு அறுநூறு. வார்டுப் பதிவில் பார்த்தால் நம் மாணவிகள் செய்தது இருநூற்று நாற்பதைத் தாண்டவில்லை.

"மிச்சம் முன்னூத்து அறுபது எந்த ஆஸ்பத்திரியில நடந்துச்சு?" என்று கேட்டீர்கள்.

அவை ஆசிரியர் அறையில், தேர்வுக்கு முந்தைய வாரத்தில் நடந்தவை. நாள் வேறு வேறு என்று தெரிவதற்காக மூன்று நிறப் பேனாக்களை மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போடுவோம். டியூட்டர் அதில் கெட்டிக்காரர். இடையிடையே பேனா தேய்ந்ததுபோல் மங்கலாகவும் போடுவார்.

பத்து வேண்டாம், நான்கு போதும் என்றீர்கள். அந்த நான்கிலும் ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும், மாணவி எங்கே தவறினாள், எப்படித் திருத்திக்கொண்டாள் என்று எழுத வேண்டும் என்றீர்கள். அப்படியென்றால் நாங்கள் வார்டுக்குப் போக வேண்டும். எதை விட்டு ஓடி வந்தோமோ அதே இடத்துக்கு.

அந்த வாரமே, உங்கள் முதுகுக்குப் பின்னால், முதல்வருக்கு ஒரு கடிதம் போனது. இந்த வரைவு நடைமுறைக்கு ஒவ்வாது என்று ஏழு காரணங்கள். எழுதியவர் டியூட்டர். கையெழுத்திட்டவர்கள் நாங்கள் பதினோரு பேரும். உங்கள் வரைவு அலமாரிக்குள் போனது. ஆண்டு மாற்றிய பழைய வரைவு பல்கலைக்கழகத்துக்குப் போனது. நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் எங்களோடு உட்கார்ந்து டீ குடித்தீர்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு, இறுதியாண்டு மாணவி ஒருத்தி தன் பதிவேட்டை டியூட்டரிடம் நீட்டினாள். குழாய் பொருத்தும் பக்கத்தில் நான்கு கட்டங்களில் எழுத்து. ஆறு கட்டம் காலி.

"எல்லாரும் நிரப்பிட்டு வந்திருக்காங்க. உனக்கு மட்டும் என்ன?"

"செய்யாததை எப்படி மேடம் எழுதறது?"

"எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

"செஞ்சிட்டு எழுதறேன் மேடம்."

திமிர் என்றார் டியூட்டர். நாங்களும் அதையே சொன்னோம். பதிவேட்டை முடிக்காதவர்கள் தேர்வு எழுதக் கூடாது என்பது விதி. கூட்டத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் எழுந்து, "நாம எழுதின கணக்கு தப்பு. அதுக்கு அவளுக்கா தண்டனை?" என்றீர்கள். பதினொன்றுக்கு ஒன்று. அவள் தேர்வு எழுதவில்லை, ஆறு மாதம் போயிற்று. அந்த ஆறு மாதத்தில் ஒவ்வொரு காலையும் ஆறரை மணிக்கு நீங்கள் அவளோடு வார்டு வாசல் பெஞ்சில், குழாய் தேவைப்படும் நோயாளிக்காகக் காத்து உட்கார்ந்திருந்ததை நாங்கள் கல்லூரி வேன் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறோம். யாரும் இறங்கி வரவில்லை. ஆறும் முடிந்தது, அவளும் தேறினாள்.

போன ஆண்டு டியூட்டர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க அறுவை வார்டுக்குப் போனார். அறுவை சிகிச்சை முடிந்த ஓர் அம்மா சிறுநீர் பிரியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நம்மிடம் படித்துப் போன புது நர்ஸ், கையில் குழாயோடு, முகம் வெளுத்து நின்றாள். பத்துக் கட்டமும் நிரம்பிய பதிவேட்டுக்காரி. டியூட்டரைக் கண்டதும் அவளுக்கு உயிர் வந்தது.

"மேடம், நல்லவேளை வந்தீங்க. ஒரு தடவை செஞ்சு காட்டுங்க மேடம்."

டியூட்டர் கையுறை மாட்டினார். அடுத்து எது என்று நினைவுக்கு வரவில்லை. சுத்தமான கையை அசுத்தமான தட்டில் வைத்துவிட்டார். அந்த அம்மா, "சீக்கிரம்மா, தாங்க முடியல" என்று கெஞ்சினார்.

வார்டு சிஸ்டர் வந்து பார்த்தார். "கொஞ்சம் தள்ளுங்க டீச்சர். கையெழுத்துப் போடறது உங்க வேலை, இது எங்க வேலை" என்றார். இரண்டு நிமிடத்தில் முடித்தார்.

டியூட்டர் நேரே உங்கள் அறைக்கு வந்தார். "மேடம், அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான்."

"தெரியும்மா. திட்டறதுக்குக்கூட ஏழு உபதலைப்பு போடறவ நம்ம காலேஜ்ல நீ ஒருத்திதான்."

"தெரிஞ்சுமா மூணு வருஷம் எங்ககூட டீ குடிச்சீங்க?"

"டீ மேல எனக்கு என்ன கோபம்?" என்றீர்கள். பிறகு சொன்னீர்கள்: "நாளைக்குக் காலைல வா. பொம்மையில இருந்து ஆரம்பிப்போம்."

டியூட்டர் வந்தார். ஒரு மாதம் கழித்து ஆசிரியர் அறையில் எல்லாவற்றையும் எங்கள் முன் சொன்னார். எங்களுக்குத் தலை நிமிரவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேர் அவரோடு போனார்கள், பிறகு ஐந்து பேர். வரலாறு நடத்துபவர் கடைசியாக வந்தார், திட்டிக்கொண்டே வந்தார்.

இந்த ஆண்டு பல்கலைக்கழகம் மறுபடி வரைவு கேட்டது. அலமாரியைத் திறந்து உங்கள் வரைவை எடுத்து, ஒரு வரியும் மாற்றாமல், வார்டு வார்டாகக் கேட்டு எழுதிய குறிப்புகளோடு அனுப்பியிருக்கிறோம். ஏற்பார்களா தெரியாது. எந்த ஆசிரியர் எந்த வார்டில் நிற்பார் என்ற அட்டவணை மட்டும் வரும் திங்கள் முதல் நடப்புக்கு வருகிறது. அது உங்கள் வெற்றி என்று சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. நான்கு ஆண்டு தாமதத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது.

இந்த விழாவுக்கு அழைக்க டியூட்டர் நேற்று அந்த மாணவியைத் தேடிப் போனார். அவள் இப்போது பணியில் இருக்கிறாள். மருந்துத் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, "அஞ்சு நிமிஷம் இருக்கு மேடம், சொல்லுங்க" என்றாள். டியூட்டர் மன்னிப்புக் கேட்டார்.

"மன்னிப்பை வச்சு நான் என்ன மேடம் பண்றது? நான் ஃபெயிலாயிட்டேன்னுதான் எங்கப்பா இன்னைக்கும் நினைச்சிட்டிருக்காரு. மூணு வருஷமா சொல்லிப் பார்த்துட்டேன். பொய் சொல்றேங்கிறாரு. நீங்க ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டு. அதைக் காட்டணும்." பெயரைச் சபையில் சொல்ல வேண்டாம் என்றாள். டியூட்டி இருப்பதால் வர முடியாது என்றாள்.

எனவே, அம்மா, உங்களுக்கென்று எழுதத் தொடங்கிய மடலின் கடைசி வரிகளை அவளுக்குக் கொடுக்கிறோம். நீங்கள் கோபிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

நீங்கள் நோயின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். காலை ஆறரைக்கு வார்டில் இருக்க வேண்டிய கட்டாயமில்லாமல் உறங்க வேண்டும். உங்கள் கேள்வி எங்கள் காதில் ஓயாமல் இருக்க வேண்டும்.

இந்த மடலுக்கு இரண்டு பிரதிகள். ஒன்று கண்ணாடிச் சட்டத்தில் உங்களுக்கு. மற்றொன்றில் அந்த மாணவியின் பெயரும் பதிவு எண்ணும் எழுதி, இன்று மாலையே டியூட்டர் அவள் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அதன் கடைசி வரிகள் இவை:

ஐயா, உங்கள் மகள் தேர்வில் தோற்கவில்லை. செய்யாததைச் செய்ததாக எழுத மறுத்தாள். அதற்காக அவளைத் தேர்வு எழுத விடாமல் தடுத்தது நாங்கள்.

தலைகுனிந்து கையெழுத்திடுபவர்கள்,
கல்லூரி ஆசிரியர்கள் பதினோரு பேர்