வாட்டம் சரியான தரை

வீட்டுக்கு டைல்ஸ் போட வேண்டுமென்றால் பக்கத்துத் தெரு ஆளாகப் பார்த்துப் பிடியுங்கள், கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பார் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் பிடித்தேன், ஐயா. நீங்கள் என்றைக்காவது வீட்டு வேலை ஆரம்பித்தால் அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். நம் வீடு எங்கும் ஓடிப்போகாது என்ற தைரியம் பக்கத்துத் தெருக்காரருக்குத்தான் அதிகம்.

என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். பழைய தரை, தண்ணீர் வடியாமல் மூலையில் தேங்கும். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் அதைப் பெயர்த்துவிட்டு, சொரசொரப்பான டைல்ஸ் போட்டுவிட நினைத்தேன். எந்தக் கணவனும் நினைக்கக்கூடியதுதான்.

டைல்ஸ்காரர் கெட்டிக்காரர். அதை மறைக்க மாட்டேன். ஒரே மூச்சில் தரையை உடைத்து அள்ளினார், காற்றை வெளியே தள்ளும் விசிறியைக் கழற்றிக் கீழே வைத்தார். அதன் பிறகு ஆளைக் காணோம்.

போன் செய்தால் எடுக்காதவர் என்றால் கோபித்துக்கொண்டு வேறு ஆள் பார்த்திருப்பேன். இவர் எடுப்பார். "இதோ கெளம்பிட்டேன் சார், பாதி வழியில இருக்கேன்" என்பார். அந்தப் பாதி வழி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெருமுனையில் புதிதாகக் கட்டும் வீட்டில் அவர் டைல்ஸ் அறுக்கும் சத்தம் போனிலும் கேட்கும், என் ஜன்னல் வழியாகவும் கேட்கும். நேரில் போய் நின்றால் சிரித்துக்கொண்டே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். சிரிக்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

மனைவி வீட்டுக்கு வந்தாள். குளியலறையில் வெறும் மண்ணும் ஜல்லியும். குளிக்கவோ ஒதுங்கவோ ஒவ்வொரு முறையும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போக வேண்டும். எதிர்வீட்டு அம்மாள் முதலில் "தாராளமா வாங்க" என்றாள். போகப் போக, மணியடித்தால் கதவு மெதுவாகத்தான் திறந்தது. நான் வெளியே தெருவில் நின்று போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேலை பார்த்த காலமெல்லாம் தொழிற்சாலையில் தரம் பார்த்துப் பொருளைத் திருப்பி அனுப்பியவன் நான். என்னை யாரும் அப்படி நிற்க வைத்ததில்லை.

பிறகு அவர் வந்தார், போனார், வந்தார். வந்தால் நேரே வேலைக்குப் போகிற பழக்கம் கிடையாது. கூடத்தில் கட்டிலில் படுத்திருக்கும் மனைவியிடம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவார். என்னைச் சார் என்பவர் அவளை அக்கா என்பார். எதிர்வீட்டு நாய் அவருடைய மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையைச் சொன்னபோது, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. அது எனக்குத் தொந்தரவாக இல்லை. வேலை நின்றதுதான் தொந்தரவு.

டைல்ஸ் போட்டு முடித்ததும் நானே ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றி வாட்டம் பார்த்தேன். மூலையில் கொஞ்சம் நின்றது. பெயர்த்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன், முகம் கோணாமல் போட்டார். மிச்சமிருந்தது ஒன்றுதான். காய்ந்த சிமென்ட் கறையை ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டும். அதற்குத் தனியாக ஆள் இருக்கிறான், எனக்கு அந்த நெடி ஆகாது, நாளைக்குக் கூட்டி வருகிறேன் என்றார். நாளைகள் வந்தன. ஆள் வரவில்லை.

அன்று காலை அவர் தனியாக வந்தார். வேலைக்கு அல்ல, அறுக்கும் மெஷினை எடுத்துக்கொண்டு போக. மெஷின் போனால் மனிதர் திரும்ப மாட்டார் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் அதை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, வாங்கி வைத்திருந்த ஆசிட்டை எடுத்துக் கொடுத்தேன். கழுவிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "கதவ மட்டும் தொறந்து வச்சுக்கறேன் சார்" என்றார்.

நெடி கூடத்துக்கு வந்தது. நோயாளி படுத்திருக்கும் இடம். ஆகவே கதவைச் சாத்தினேன். ஒரு வேலையை ஆரம்பித்துவிட்டு நடுவில் வெளியே வந்தால் அவர் திரும்பமாட்டார் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆகவே வெளித் தாழ்ப்பாளையும் போட்டேன். விசிறி இருந்த ஓட்டையை, தூசி வருகிறதென்று முன்பே பலகை வைத்து அடைத்திருந்தேன். சாப்பாட்டு மேஜையில் அவருடைய போன் அடித்தது. அணைத்து வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டினார். "சார், கொஞ்சம் தொறங்க. மூச்சு முட்டுது."

"மூலையில கறை இருக்கும் பாருங்க. முடிச்சிட்டுக் கூப்பிடுங்க" என்றேன். குரலை உயர்த்தவில்லை.

கட்டிலிலிருந்து மனைவி சொன்னாள்: "அவருக்கு வீசிங் இருக்குங்க. கதவத் தொறங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டேன். சொன்னாரு."

என்னிடம் நெடி ஆகாது என்று மட்டும் சொன்னவர், அவளிடம் நோயைச் சொல்லியிருக்கிறார். எப்போது கேட்டாய், வேறு என்னவெல்லாம் சொன்னார் என்று விசாரித்தேன். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். வாக்கருக்குக் கை நீட்டினாள். டாக்டர் அவளைத் தனியாக எழக் கூடாது என்று சொல்லியிருந்தார். விழுந்தால் மறுபடி உடையும். வாக்கரை எடுத்துப் பக்கத்து அறையில் வைத்தேன். அவள் நன்மைக்குத்தான்.

திரும்பி வந்து குளியலறைக் கதவருகே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தட்டுவது வேகமாக இருந்தது, பிறகு கதவின் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தது, பிறகு நகத்தால் சுரண்டுவது போல. மனைவி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. சத்தம் முழுதாக நின்ற பிறகும் கொஞ்சம் பொறுத்துத்தான் திறந்தேன். உள்ளே நுழைந்ததும் முதலில் தரையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. தண்ணீர் எங்கும் நிற்காமல் அவரைச் சுற்றிக்கொண்டு வடிந்து போயிருந்தது.

மனைவி இப்போது அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள். அவ்வளவும் யாருக்காகச் செய்தேன் என்று அவள் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்துப் பார்ப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் ஸ்டேஷனில் விபத்து என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அதைத் திருத்திவிடுங்கள், ஐயா. விபத்து என்றால் யாரோ கவனிக்காமல் விட்டதால் நடப்பது. நான் அவர் தட்டியது ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.