ரத வண்டியின் வலப்பக்க டயர்

பெயர்: சுகுமாறன் த/பெ சின்னையா. வயது: 39. தொழில்: லோரி ஓட்டுநர். முகவரி: செந்தூல் அடுக்குமாடி வீடு. போலீசாரிடம் நான் தமிழில் கூறியது மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பதிவு செய்யப்படுகிறது.

இறந்துபோன ராதாகிருஷ்ணன் என் அக்காள் கணவர்; மாமா என்று அழைப்பேன். அவர் கிள்ளானில் ஒரு முருகன் கோயிலில் தொண்டராக இருந்தார். அக்கோயிலின் சிறிய ரதம் டிரெய்லர் ஒன்றின்மேல் பொருத்தப்பட்டது. ஆண்டுக்கொரு முறை, தைப்பூசத்திற்கு முதல் நாள், அதைப் பத்துமலைக்கு இழுத்துச் செல்வார்கள். மற்ற நாள்களில் கோயிலின் பின்புறம் வெயிலிலும் மழையிலும் நிற்கும். இவ்வாண்டு என் பிக்-அப் வண்டியில் இழுக்கச் சம்மதித்தேன்.

சம்பவத்தன்று காலை டிரெய்லரைச் சுற்றிப் பார்த்தேன். டயர்களுக்குக் கறுப்புப் பாலிஷ் பூசிச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். விரலால் தேய்த்தபோது வலப்பக்க டயரின் ஓரத்தில் வெடிப்புகள் தெரிந்தன. கோயில் தலைவர் ராஜனிடம் மாற்றச் சொன்னேன். அதற்கு அவர், "வருஷத்துக்கு ஒரு நாள் ஓடுற டயருப்பா, தேயவே இல்ல பாரு. ஒண்ணும் ஆவாது லா" என்றார். ரப்பர் சும்மா நின்றாலும் கெடும் என்று எடுத்துச் சொன்னேன். அதற்குள் சாமியை ஏற்றி, டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார்கள். சாமி ஏறிய பிறகு சக்கரத்தைக் கழற்றக் கூடாது என்றார்கள். அதன் பிறகு நான் வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன். மாமா என் பக்கத்தில் அமர்ந்து வந்தார்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் வரும்போது அந்த டயர் வெடித்தது. ரதம் இரு பக்கமும் ஆடியது. நான் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீரிங்கை நேராகப் பிடித்து, வேகத்தை மெல்லக் குறைத்து அவசரத் தடத்தில் ஒதுக்கினேன். எங்கள் இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதன் பிறகு நெடுஞ்சாலை ரோந்துப் பிரிவை அழைத்தேன். தாங்கள் வரும்வரை டயரைத் தொட வேண்டாம், இரும்புத் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள் என்றார்கள். அப்படியே நின்றோம்.

அதன் பிறகு, மாமா சொல்லி விவரம் அறிந்த ராஜன் எனக்குப் போன் செய்து, "சாமிய ரோட்டுல நிப்பாட்டிட்டு வேடிக்க பாக்குறியா? நேரம் தப்பிடும், ஸ்பேர் டயர மாத்திட்டு கெளம்பு" என்றார். காலையில் கழற்றக் கூடாத சக்கரம் இப்போது கழற்றலாமாம். எனக்கு ஆத்திரம் வந்தது. முடியாது என்று போனை வைத்துவிட்டேன். உடனே மாமாவை அழைத்தார். மாமா கையில் காப்புக் கட்டி விரதத்தில் இருந்தவர். தலைவர் பேச்சைத் தட்டியதே கிடையாது. என்னைப் பார்த்து, "சாமி காரியம் சுகு. அஞ்சு நட்டுதானே, ஸ்பானர எடு" என்றார். வேண்டாம் மாமா என்றேன். பிறகு எடுத்துக் கொடுத்தேன்.

வலப்பக்கச் சக்கரத்துக்கும் வாகனங்கள் ஓடும் தடத்துக்கும் நடுவே ஓர் ஆள் குந்தும் இடமே இருந்தது. நான் பின்னால் நின்று துண்டை வீசிக்கொண்டிருந்தேன். சக்கரம் இறுகிப் போயிருந்தது. மாமா இரு கையாலும் பிடித்து இழுத்தார். அது சட்டென்று கழன்று வர, மல்லாக்கச் சாலையில் விழுந்தார். வந்த லோரி தன் தடத்தில்தான் வந்தது. அந்த ஓட்டுநர்மீது குற்றமில்லை.

அதன் பிறகு மாமாவின் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். "மாட்டியாச்சா?" என்று ராஜன் கேட்டார்.

மறுநாள் பிணவறை வாசலில் ராஜன் என்னைத் தனியே அழைத்து, "மாமா தானா போய் மாத்துனாருன்னு சொல்லுப்பா. கோயில் பேரு இதுல வரக்கூடாது" என்றார். சற்றுத் தள்ளி அக்காள் நின்றாள்.

மேலே உள்ள யாவும் எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டன. யாரும் மிரட்டவில்லை, என் அறிவுக்கு எட்டியவரை உண்மை. கோயில் கொடுத்த புகாரிலிருந்து "தாமாகவே டயர் மாற்றச் சென்றார்" என்று ஒரு வரி இதில் சேர்ந்திருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். போகச் சொன்னவர் ராஜன், ஸ்பானர் கொடுத்தவன் நான் என்று அங்கே எழுதச் சொல்லி, அடித்த இடத்திலும் கீழேயும் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சுகுமாறன்